மாதிரிப் பக்கத்தில் ஒரு ஜனாஸா

அஸ்மியா பள்ளிவாசல்களுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவள். சாய்ந்தமருதில், வாப்பா அவளுக்கென்று கட்டி, மேல்பூச்சு முடிக்காமல் விட்டுப்போன வீட்டின் முன்னறைதான் அவளுடைய அலுவலகம். ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க ஒரு பழைய பேட்டரி. கொழும்பில் மூன்று வருடம் வேலை செய்தபோது கற்றதை வைத்து அவளே ஒரு சின்னக் கருவி எழுதிவைத்திருந்தாள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் அது மூன்று கேள்வி கேட்கும்: பள்ளிவாசலின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம். பதில் எழுதி எண்டரை அழுத்தினால் ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முழுத்தளமும் எழுந்து நிற்கும். தொழுகை நேரங்கள், நிருவாக சபை, ஊரில் யாராவது இறந்தால் போடும் ஜனாஸா அறிவித்தல்கள் எல்லாம் மாதிரியிலிருந்து அப்படியே பிரதியாகும். பெயரும் ஊரும்தான் மாறும்.

வாப்பா இருந்திருந்தால், "ஒரு வரியில பள்ளி கட்டுறவள்" என்று கேலி பண்ணியிருப்பார்.

வாப்பா ஸைனுலாப்தீன் நெல் வியாபாரி. 2020 டிசம்பரில் கொரோனா வார்டில் மவுத்தானார். அந்த மாதங்களில் அப்படிப் போனவர்களை, எந்த மார்க்கத்தவரானாலும், எரித்தார்கள். ஊர் முடங்கிக் கிடந்தது. கையெழுத்து வாங்க ஒருவர் வந்தார், இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, அவ்வளவுதான். குளிப்பாட்டவில்லை, கபன் துணி இடவில்லை, தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி வாசலுக்கு வரவில்லை. பள்ளி ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னார்கள். எத்தனை மணிக்கு நல்லடக்கம் என்ற கடைசி வரி மட்டும் இல்லை.

அடுத்த மாதம்தான் அஸ்மியா அந்த மாதிரியை எழுதினாள். ஜனாஸா பக்கம் வெறுமையாக இருந்தால் பார்க்க வருகிறவர்களுக்கு விளங்காது. ஒரு உதாரணம் வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை அங்கே போட எவருக்கும் கை வராது. கற்பனையாக ஒன்று போடலாமென்றால், இந்தக் கரையில் எந்தப் பெயரை எடுத்தாலும் அது யாருக்காவது சொந்தம். அதனால் இனி இறக்க முடியாத ஒருவரின் பெயரைப் போட்டாள்.

"சாய்ந்தமருதைச் சேர்ந்த ஸைனுலாப்தீன் இன்று வபாத்தானார்கள். ஜனாஸா நல்லடக்கம் அஸர் தொழுகையின் பின்னர் சாய்ந்தமருது மையவாடியில்."

பக்கம் பழசாகத் தெரியக்கூடாதென்று, தளம் உருவாகும் நாளின் தேதியையே கருவி அதற்கு மேலே போட்டுக்கொள்ளும்படி செய்தாள். தளத்தை இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அந்த அறிவித்தலை அழித்துவிடுவாள். பதினொரு பள்ளிகளுக்கும் அப்படித்தான் செய்தாள். அழிக்குமுன் ஒவ்வொரு தடவையும் ஒருமுறை வாசிப்பாள். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. நல்லடக்கம் நடந்திருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். ஆனால் நேரம் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து ஓதியிருக்கலாம்.

பன்னிரண்டாவது, வரிப்பத்தான்சேனையில் ஒரு பள்ளி. அதன் செயலாளர் நஸீம் வியாழக்கிழமை காலையில் மட்டும் மூன்று தடவை அழைப்பு எடுத்தார்.

"தங்கச்சி, நாளைக்கு ஜும்ஆவில சொல்லோணும். இண்டைக்கே ஏத்துங்க."

"பின்னேரம் ஏத்துறன் காக்கா."

"பின்னேரம் பின்னேரம் என்டுதான் எங்கட பழைய தலைவர் மூணு வருஷம் ஓட்டினவர்."

அஸ்மியா சிரித்துக்கொண்டே அந்த ஒரு வரியைத் தட்டினாள். மூன்று கேள்விக்கும் பதில் சொன்னாள். முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்தாள், நன்றாக இருந்தது, ஏற்றிவிட்டாள். நஸீம் திறந்துகூடப் பார்க்காமல் இணைப்பை ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் போட்டார்.

இரண்டரை மணிபோல வாசலில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதானவர் இறங்கினார். வண்டியை ஓட்டிவந்தவர் அவருடைய மருமகன். வயதானவர் அபூசாலி. ஒவ்வொரு போகத்துக்கும் வாப்பா வரிப்பத்தான்சேனைக்குப் போய் நெல் எடுப்பது அவருடைய வயலில்தான். வாசலில் நின்றது அஸ்மியாவின் உம்மா, சபியா உம்மா. கூட்டாளியின் மனைவியை மச்சி முறை வைத்தே அபூசாலி கூப்பிடுவார்.

"மச்சி, ஜனாஸாவ எங்க வெச்சிரிக்கீங்க? பள்ளிக்குக் கொண்டு போயிட்டாங்களா?"

உள்ளே இருந்த அஸ்மியாவுக்கு அது காதில் விழுந்தது. எழுந்து வருவதற்குள் உம்மாவின் குரல் கேட்டது.

"தந்துட்டாங்களா?"

"ஆரு?"

"ஆஸ்பத்திரியால. அவர தந்துட்டாங்களா? எங்க இரிக்காரு?"

கொரோனா நாட்களில் சில மையித்துகளை எரிக்காமல் குளிரறையில் வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் ஒரு கதை ஓடியது. உம்மா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இப்போது முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு வேகமாக உள்ளே வந்தாள்.

"புள்ள, இந்த மேசைய எடு. பாய் விரிக்கோணும்."

"உம்மா, இல்ல உம்மா."

"எடுகா. ஆக்கள் வாறாங்க."

உம்மாவே கதவுக்குப் பின்னால் இருந்த பாயை எடுத்து உதறி விரித்தாள். அஸ்மியா அவளுடைய கையைப் பிடித்தாள்.

"அது நான் எழுதின உம்மா. மாதிரிக்கு எழுதி வெச்ச. அழிக்க மறந்துட்டன்."

அபூசாலி, குழுமத்தில் வந்த அந்த அறிவித்தல் திறந்திருந்த போனோடு வாசற்படியிலேயே நின்றார்.

"நான் புத்தளத்தில மகனோட ஆறு வருஷம் இருந்துட்டு, போன மாசம்தான் வந்த. எனக்கு ஒருத்தரும் சொல்லல்லியே. எப்ப மவுத்து?"

"அஞ்சு வருஷம் மாமா. கொரோனாவில."

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டுக்கொண்டார்.

உம்மா போனை வாங்கினாள். எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய வாசித்தாள். கடைசி வரியில் நெடுநேரம் நின்றாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப எரிச்சது மெய்தான்" என்றாள்.

மருமகன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "வந்த வேலைய முடிச்சிட்டுப் போறம்" என்று அபூசாலி சொன்னார். அஸருக்குப் பிறகு அவர்கள் இருவரும் பள்ளியின் ஓரத்தில் தனியாக நின்று மையித்து முன்னால் இல்லாதபோது தொழும் மறைவான ஜனாஸாத் தொழுகையைத் தொழுதுவிட்டுப் போனதாக அஸ்மியா பிறகு கேள்விப்பட்டாள். இரண்டே பேர்.

வரிப்பத்தான்சேனைத் தளத்தில் அந்த அறிவித்தலை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாதிரியைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அதைத் தவிர வாப்பாவின் நல்லடக்கத்துக்கு இந்த உலகத்தில் எங்கேயும் ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கவில்லை. விட்டுவைத்தால் இன்னொரு வியாழக்கிழமை இன்னொரு வண்டி வரும். உம்மா இன்னொரு தடவை பாயை உதறுவாள். அழித்தாள். அந்த இடத்தில், "இன்று ஜனாஸா அறிவித்தல்கள் எதுவும் இல்லை" என்று எழுதினாள்.

திங்கட்கிழமை மருதமுனையிலிருந்து ஒரு பள்ளி. அதே ஒரு வரி, அதே மூன்று கேள்வி. பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"ஆரும் மவுத்தா புள்ள?" என்று அடுப்படியிலிருந்து உம்மா கேட்டாள். தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இப்போது அப்படித்தான் கேட்கிறாள்.

"இல்ல உம்மா. இண்டைக்கு ஒருத்தரும் இல்ல."

அன்று விரித்த பாயை உம்மா இன்னும் சுருட்டவில்லை. அஸ்மியா மேசையைச் சுவரோரமாகத் தள்ளிப்போட்டு வேலை செய்கிறாள்.