தலைமாட்டில் கட்டிய நேர்த்தி

பேரின்பநாதனின் இடக்கையில் சிவந்த தடிப்புகள் தோன்றிய அன்றே, அவருடைய மனைவி பாலாம்பிகை வீடு கூட்டுவதை நிறுத்திவிட்டார். அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய், என்று அவர் முடிவு செய்தார். அம்மாள் வந்த வீட்டில் கூட்டக் கூடாது, துணி தோய்க்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, அயலவர் வரக் கூடாது. புலம்பெயர்ந்து வந்த பிரெஞ்சு நகரின் லாசால் பகுதியில், இரண்டாம் மாடியில் இருந்த அந்தச் சிறிய வீட்டில் இச்சட்டங்கள் யாவும் பன்னிரண்டு நாள்கள் வழுவாது காக்கப்பட்டன. தமிழ்க் கடையிலிருந்து வந்த வேப்பிலை படுக்கையெங்கும் பரப்பப்பட்டது. ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டிலின் தலைப்பலகையில் கட்டி, அம்மனுக்கு நேர்த்திக்கடனாக நேர்ந்துகொண்டார் பாலாம்பிகை.

“எனக்கு ஏழு வயசிலையே வந்து போனதல்லோ?” என்று நெற்றித் தழும்பைத் தடவினார் பேரின்பநாதன்.

“அவ நினைச்சா ரெண்டாந்தரமும் வருவா. வாயை மூடிக்கொண்டு படுங்கோ.”

பாலாம்பிகையின் உடலில் ஒரு புள்ளியும் இல்லை. அதுவே அவருக்குப் பெருஞ்சான்று. நுளம்போ மூட்டையோ என்றால் ஒரே கட்டிலில் ஒருவரை மட்டுமா கடிக்கும்?

மகள் நிரோஜா அதே நகரின் மேற்குப் புறநகரான புவாண்ட்-கிளேரில் இருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு கிழமைகள் ஆகியிருந்தன. முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழிந்ததும் குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்து மூன்று மாதம் தங்குவதாக ஏற்பாடு. பதின்மூன்றாம் நாள் தகப்பனின் கையைக் கைப்பேசிப் படத்தில் பார்த்தவள் உடனே அழைத்தாள்.

“அம்மா, இது அம்மாள் இல்லை. மூண்டு மூண்டா வரிசையா இருக்கு. மூட்டைப்பூச்சி.”

“வாயைக் கழுவு!”

“இது முடியாமல் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கை வரமாட்டன், சொல்லிப்போட்டன்.”

கட்டட உரிமையாளருக்கு அறிவித்தவளும் அவளே.

குழந்தைக்காக வாங்கிய தொட்டில் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பாலாம்பிகை அன்றிரவு அந்தப் பெட்டியைப் பலமுறை பார்த்தார்.

இரண்டு நாள்களின் பின், காலையில் கதவு தட்டப்பட்டது. “போன்ஜூர்” என்ற பிரெஞ்சு வணக்கத்தை இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு பாலாம்பிகை கதவைத் திறந்தார்.

“வணக்கம் அக்கா. நான் விமலநாதன். பூச்சி பாக்க அனுப்பினவை.”

பாலாம்பிகை கதவைப் பாதி சாத்தினார். வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலில் சோறு பரிமாறும் அதே மனிதர்! இனி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அஞ்சிய அந்த முகத்தை விமலநாதன் எத்தனையோ வாசல்களில் கண்டிருந்தார். “அக்கா, நான் வேலைக்குப் போன வீட்டாக்களை வெளியிலை கண்டா எனக்குத் தெரியாது. நீங்கள் கதைச்சா நானும் கதைப்பன். கதைக்காட்டி நான் ஆரோ, நீங்கள் ஆரோ. இருவத்திரண்டு வருசமா இப்பிடித்தான்” என்றார்.

முதலில் அவர் பேரின்பநாதனின் கையைச் சாளர வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். “அம்மாள் எண்டா நெஞ்சிலை, முதுகிலை தண்ணி கோத்து வந்திருப்பா. இது சட்டை மூடாத இடத்திலை மட்டும் இருக்கு அண்ணை.”

“அப்ப என்னை ஏன் கடிக்கேல்லை?” என்றார் பாலாம்பிகை, விட்டுக்கொடுக்காமல்.

“உங்களையும் கடிச்சிருக்கும். சில உடம்பு காட்டிக்குடுக்காது.”

பாலாம்பிகை தம் கையைப் புதியதொரு பொருளைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினைந்து நாள்களாக எவையோ தம் குருதியை உண்டு சென்றிருக்கின்றன. தாம் சுகமாக உறங்கியிருக்கிறார்!

விமலநாதன் முழந்தாளிட்டார். வேப்பிலைகளை ஒன்றும் சிந்தாமல் ஒரு தாளிற் சேர்த்தார். விரிப்பை மூலை மூலையாக நீக்கினார். பையிலிருந்து எடுத்த பழைய மெற்றோ ரயில் அட்டையை மெத்தையின் தையலுக்குள் விட்டு, அங்குலம் அங்குலமாக இழுத்துச் சென்றார். மறு கையில் ஒரு மின்கைவிளக்கு. ஓரிடத்தில் கடுகை விடச் சிறிய கரும்புள்ளிகள் தெரிந்தன. ஈரத்துணியால் ஒன்றைத் தொட்டார். புள்ளி கரைந்து செம்பழுப்பாகப் பரவியது.

“இது அண்ணையின்ரை ரத்தம். அல்லது உங்கடை.”

அடுத்து, உமிபோன்ற மெல்லிய தோல்களை அட்டையின் நுனியில் ஏந்திக் காட்டினார். “வளர வளரக் கழட்டிப்போட்டுப் போற சட்டை. அஞ்சு தரம் கழட்டும். தீன் இல்லாமல் மாசக்கணக்கிலை இருக்கும். நாங்கள் விடுற மூச்சைப் பிடிச்சுக்கொண்டே வந்து சேரும்.” அவர் குரலில் வெறுப்பு இல்லை. வல்லவன் ஒருவனைப் பற்றி மற்றொரு வல்லவன் பேசுவதுபோல இருந்தது.

“உதெல்லாம் எங்கை படிச்சனீங்கள், தம்பி?” என்றார் பேரின்பநாதன்.

“இங்கை வந்த புதிசிலை ஒரு அறையிலை ஏழு பேர் படுத்தனாங்கள். என்னைக் கடிச்சுத்தான் படிப்பிச்சது.”

தலைப்பலகைக்கு வந்ததும் அவர் கை நின்றது. மஞ்சள் முடிச்சைப் பார்த்தார், தொடவில்லை.

“அக்கா, இதை நீங்கள்தான் அவிழ்க்கவேணும்.”

அவர் வெள்ளைத்தாள் ஒன்றைக் கீழே பிடிக்க, பாலாம்பிகை முடிச்சை அவிழ்த்தார். மடிப்புகளுக்குள்ளிருந்து பருப்புத்தோல்போலத் தட்டையான பழுப்பு உடல்கள் ஏழு விழுந்து ஓடின. நாணயத்தின் விளிம்பை ஒட்டி, அரிசிக் குறுணியினும் சிறிய வெண்முட்டைகள் வரிசையாக இருந்தன.

“நேர்த்தியை வாங்க ஆக்கள் வந்திட்டினம்!” என்று சிரித்தார் பேரின்பநாதன்.

“சும்மா இருங்கோ!”

விமலநாதன் சிரிக்கவில்லை. “துணியை ட்ரையரிலை நல்ல சூட்டிலை ஒரு மணித்தியாலம் விடுங்கோ. காசைக் கொதிதண்ணியிலை போடுங்கோ. நேர்த்தி கெடாது.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “ஆனா பன்னிரண்டு நாள் கூட்டாமல், தோய்க்காமல் விட்டதுதான் அதுகளுக்கு வாய்ச்சது” என்றார்.

பாலாம்பிகை தலைகுனிந்தார். பக்தியோடு தாம் காத்த ஒவ்வொரு விதியும் அந்தப் பூச்சிகளுக்குக் காவல் நின்றிருக்கிறது.

“ஜூலை முதலாந்தேதி, இங்கை எல்லாரும் வீடு மாறேக்கை, தெருவிலை ஏதும் எடுத்தனீங்களோ?”

பேரின்பநாதன் கூரையை ஆராயத் தொடங்கினார். மனைவியின் கண்கள் கட்டிலருகே இருந்த சிறுமேசையை நோக்கின.

“நல்ல மரம் எண்டு…” என்று இழுத்தார் பேரின்பநாதன்.

அதன் இழுப்பறைப் பொருத்துகளில்தான் தாய்க்குடி இருந்தது.

அதன்பின் விமலநாதன் சொன்னவையெல்லாம் அந்த வீட்டில் வேதமாயின. மேல்வீடும் கீழ்வீடும் பார்க்கப்பட்டன. மருந்து ஒருமுறை, எஞ்சிய முட்டைகள் பொரித்தபின், இரண்டு கிழமைகள் கழித்து மறுமுறை. துணிகள் யாவும் சூட்டுக்கு உள்ளாயின. சூடு தாங்காத கூறைச்சேலை பையிற் பொதியப்பட்டு, மீன் அகற்றப்பட்ட உறைபெட்டியில் நான்கு நாள்கள் கிடந்தது. எல்லாவற்றினும் கடினமான கட்டளை வேறொன்று.

“முன் ஹோலிலை போய்ப் படுக்கக் கூடாது. நீங்கள் போனா அதுகளும் அங்கை வரும். இந்தக் கட்டிலிலைதான் படுக்கவேணும். மருந்தைக் கடந்து வந்தாத்தான் சாகும்.”

“எங்களை இரையா வைக்கிறியளோ?”

“ஓம் அக்கா.”

கட்டிற்கால்கள் நான்கும், வழுக்கும் சுவர் கொண்ட நான்கு கிண்ணங்களில் நின்றன. காலைதோறும் பாலாம்பிகை கைவிளக்கோடு குனிந்து பார்த்தார். முதற்கிழமை பதினொன்று. இரண்டாங்கிழமை மூன்று. பிறகு ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. அவர் நம்பவில்லை. ஒன்றுமில்லாத கிண்ணங்களை ஆறு கிழமைகள் பார்த்தார். விமலநாதன் வந்து, அதே அட்டையோடு மீண்டும் முழந்தாளிட்டு, நெடுநேரத்தின் பின் எழுந்து, “பிள்ளையை வரச் சொல்லுங்கோ” என்றார். அன்று மாலையே பேரின்பநாதன் தொட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சூட்டிற் சுத்தமான மஞ்சள் முடிச்சைக் கோயில் உண்டியலில் இட்டுவிட்டு, பேத்தியைத் தோளிற் சாய்த்தபடி பாலாம்பிகை சோற்று வரிசையில் நின்றார். அகப்பையோடு நின்ற விமலநாதனின் கண்கள் அவர்மேல் பட்டு, அறியாதவர்மேல் பட்டவைபோல அகன்றன.

“சோறு காணுமோ, இன்னும் வேணுமோ அம்மா?”

முன்னும் பின்னும் தெரிந்த முகங்கள். பேசாமல் நகர்ந்திருக்கலாம். குழந்தை தோளில் மெல்ல மூச்சுவிட்டது. அந்த மூச்சைத் தேடி எதுவும் வராத கட்டிலைப் பாலாம்பிகை நினைத்தார்.

“என்ன தம்பி, தெரியாத ஆள்மாதிரி? எங்கடை வீட்டு மூட்டைப்பூச்சியை அழிச்சவர் நீங்கள்தானே!” என்றார், வரிசை முழுவதும் கேட்க.

அகப்பை அந்தரத்தில் நின்றது. வரிசை திரும்பிப் பார்த்தது. பாலாம்பிகை குழந்தையை நீட்டினார்.

விமலநாதன் அகப்பையை வைத்தார், கைகளைத் துடைத்தார். குழந்தையை வாங்குமுன், மெத்தைத் தையலைப் பார்த்த அதே கண்களால், சின்ன மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் கழுத்து மடிப்பையும் பார்த்தார். ஒரு புள்ளியும் இல்லை. அதன்பின்னரே இரு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.

வரிசையில் பாலாம்பிகைக்குப் பின்னால் நின்ற பட்டுச்சேலைக்காரி ஒருத்தி மெல்லக் குனிந்தாள். “தம்பி, பேந்து, சாப்பாடு முடிய, உங்களோடை கொஞ்சம் கதைக்கவேணும்.”

விமலநாதன் அந்தப் பக்கம் திரும்பாமலே தலையசைத்தார்.