பிள்ளையார் சுழியையும் படித்தவள்

“அது என்ன, உன்ன மாதிரி படிச்சுடுமா? போடி” என்றாள் அம்மா. கையெல்லாம் மாவு. ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள் அவள். எழுத்து தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மூன்றாம் வகுப்பிலேயே கரண்டு பில்லைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். அந்தப் பெருமை இன்றும் எனக்கு உண்டு.

கல்யாணமாகிக் காட்டூருக்கு வந்த பிறகும் அந்த வேலை என்னிடமே இருந்தது. மாத்திரை அட்டையோ கல்யாணப் பத்திரிகையோ, அம்மா போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு உடனே கூப்பிடுவாள். பத்திரிகை என்றால் தேதியும் மண்டபமும் சொன்னால் போதாது. கடைசியில் மாமன், அத்தை, சித்தப்பா என்று போட்டிருக்கும் வரிசை வரை எல்லாப் பெயரையும் படிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அவளிடம் ஒரு கதை இருக்கும்.

“இரு, இரு. அவரு பேரை முதல்ல போட்டுட்டாங்களா? சாம்பார்ல உப்பு இல்லன்னு பந்தியில எந்திரிச்சுப் போனாரே, அவருதானே?”

“அம்மா, நான் ஆபீஸ்ல இருக்கேன்.”

“இருந்துட்டுப் போ. மேல படி.”

ஆபீஸ் என்றால் புத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். இணையத்தில் புதிதாக எது வந்தாலும் அங்கே முதலில் திறந்து பார்ப்பவள் நான்தான். விண்ணப்பத்துக்கு ஏற்றபடி போட்டோவைச் சுருக்கித் தருவது, ஸ்கேன் செய்த தாள்களை ஒன்றாகச் சேர்ப்பது என்று எத்தனையோ கண்டுபிடித்திருக்கிறேன். அப்படி ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், தாளைப் படமெடுத்துக் கொடுத்தால் தமிழில் வாசித்துக் காட்டும் வலைச் செயலி ஒன்று அகப்பட்டது. பிரவுசரிலேயே திறக்கும். இடமில்லாமல் திணறும் அம்மாவின் பழைய போனில் எதையும் இறக்க வேண்டாம். டிபன் பாக்ஸைக்கூட மூடாமல் எழுந்து நின்று, “கிடைச்சுடுச்சு!” என்று கத்தினேன். விஷயம் தெரியாமலேயே எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஸ்ரீரங்கம் போய் அம்மாவிடம் காட்டினேன். அப்போதுதான் அவள், அது உன்ன மாதிரி படிச்சுடுமா என்று கேட்டாள். நான் அலமாரியிலிருந்த ஒரு பத்திரிகையைப் படமெடுத்தேன். பெண் குரல் ஒன்று “உ” என்று தொடங்கியது.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “எடுத்த எடுப்புலேயே பிள்ளையார் சுழியைப் படிக்கிறாடி! நீ ஒரு நாளாவது அதைப் படிச்சிருக்கியா?”

அன்று மாலைக்குள் மாவு படாத முழங்கை நுனியால் பொத்தானை அழுத்தப் பழகிவிட்டாள். செயலி ‘அவ’ ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மாவிடமிருந்து போன் குறைந்தது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. சில வாரம் போன பிறகு நானே கூப்பிட்டேன்.

“ஏதாச்சும் படிக்கணுமாம்மா?”

“எல்லாம் அவ படிச்சுட்டா. உனக்கு எதுக்குச் சிரமம்? எத்தனை தடவை கேட்டாலும் அவ சலிச்சுக்கறதே இல்லடி.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது.

போன மாதம் சொல்லாமல் போய் நின்றேன். மாவு வாங்க வந்த இரண்டு பெண்கள் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போன். அந்தக் குரல் பத்திரிகையிலிருந்து ஒரு பெயரைச் சொல்லும்; அம்மா முழங்கையால் நிறுத்துவாள்; கதை சொல்வாள்; மூவரும் சிரிப்பார்கள்; மறுபடி ஓடவிடுவாள். நான் செருப்பைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தத்தில் பாதிப் பெயர் யாருடையதென்று எனக்குத் தெரியவில்லை. மாவு வாங்க வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செயலி மேல் எனக்குக் கோபமில்லை. இப்போதும் கேட்பவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறேன். யார் தயவும் இல்லாமல் அம்மா மாத்திரைப் பெயரைத் தெரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை. பத்திரிகையை மட்டும் எனக்கென்று விட்டுவைத்திருக்கலாம். அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

இந்த வாரம் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை காட்டூருக்கு வந்தது. அம்மாவுக்கு உரியதையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். போனில் சொன்னதுதான் தாமதம், அம்மா பிடித்துக்கொண்டாள்.

“ஏன், என் வீட்டு வாசப்படி ஏறினா அவனுக்குக் கால் தேஞ்சுடுமா? சரி, போட்டோ எடுத்து அனுப்பு. அவ படிக்கட்டும்.”

“கேமரா சரியா வரலம்மா.”

“புதுப் போனுலயா?”

“ஆமாம்மா.”

அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பத்திரிகை மடியில் இருக்கிறது. உறையிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறிவிட்டது.