அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்

நடிக்கிறவனுக்கு மாலை, பாடுகிறவனுக்குச் சோடா, நாடகம் படித்துக் காட்டுகிறவனுக்குத் தொண்டைக்கட்டு. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு அச்சுப் புத்தக நாடகம் போட்டு அல்லாடியவர் யாராவது இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள். புதுச்சேரியை அடுத்த பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஊர் ஊராக எனக்கு அதுதான் பிழைப்பு. நான் வாசிப்பேன், அவர்கள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். வசனம் எப்படியோ ஏறிவிடும். யார் எப்படிப்பட்ட ஆள், அடைப்புக்குறிக்குள் நடிப்புக் குறிப்பாக என்ன போட்டிருக்கிறது என்பதைப் புரியவைப்பதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும்.

நான் யார்?

குருவிநத்தத்தில் ஒரு குட்டி நாடகம் எடுத்தோம். ஊரை விட்டுக் கிளம்பும் மகன், அனுப்ப மனசில்லாத அப்பா, உதவி கேட்டால் நழுவுகிற பெரிய மனிதர். அவ்வளவுதான் கதை. அப்பா வேஷம் ராமலிங்கத்துக்கு. நெல்லும் கரும்பும் போடுகிற குடியானவர். கூத்தில் ராஜா வேஷம் கட்டினால் அவர் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் நின்றே தன் பேரையும் பெருமையையும் பாடிவிட்டுத்தான் வெளியே வருவார். எங்கள் நாடகத்திலோ, 'அப்பா வருகிறார். மண்வெட்டியை மூலையில் வைக்கிறார்' என்று மட்டும் இருந்தது. ராமலிங்கம் மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "நீங்க அதை வைக்கிற விதத்துலயே அலுப்பு, கோபம் எல்லாம் தெரிஞ்சிடும் அண்ணே" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"நான் யாருன்னு நானே சொல்லாட்டி சனங்களுக்கு எப்பிடித் தெரியும் வாத்தியாரே?"

கதவைச் சாத்தியபடி

பெரிய மனிதர் வேஷம் எண்ணெய்க்கடை கோதண்டத்துக்கு. 'எப்ப வேணும்னாலும் வாங்க, இது உங்க வீடு' என்று ஒரு வசனம். மனுஷன் அதை அவ்வளவு அன்பாகச் சொன்னார், கேட்டவர்கள் மனம் உருகினார்கள். எனக்குத் தலை சுற்றியது. வசனத்துக்கு முன்னால் 'கதவைச் சாத்தியபடி' என்று இருக்கிறதே! வாய் வா என்கிறது, கை போ என்கிறது, கையைத்தான் நம்ப வேண்டும் என்று விளக்கினேன். கோதண்டம் கதவைச் சாத்துவதுபோல ஒரு தரம் கையை ஆட்டிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கு வாத்தியாரே நாடகம்? எங்க மச்சான் வூட்டுக்குப் போனா தெனம் பாக்கலாம்."

ஓரத்திலிருந்து ஒரு குரல்

கடைசிக் காட்சியில் மகன் கிளம்புகிறான். அப்பாவுக்கு வசனமே கிடையாது. 'அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மகன் பார்த்துவிடக் கூடாதென்று அழுகையை அடக்குகிறார்.' ராமலிங்கம் முதல் நாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "அண்ணே, அழக்கூடாது, அடக்கணும்" என்றேன். பல நாள் போராட்டம். கடைசியில் பிடித்துக்கொண்டார். தோள்கூட அசையாமல் முதுகைக் காட்டி நிற்பார். பார்க்கிற எனக்கே என்னவோ செய்யும்.

ஆனால் கூத்துப் பார்த்துப் பழகிய சனம். பேசாமல் நிற்கிறவரைப் பார்த்து, பாடம் மறந்துவிட்டார் என்றுதானே நினைக்கும்? அதனால் நான் மேடை ஓரத்தில் நின்று, அடைப்புக்குறிக்குள் இருந்ததை எல்லாம் உரக்க வாசித்தேன். அந்த இடம் வந்ததும் பெண்கள் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம். மறுநாள் ராமலிங்கத்தின் மனைவி அஞ்சலை என்னைத் தேடி வந்து சொன்னார்:

"வூட்லயும் இப்பிடித்தான் வாத்தியாரே நிப்பாரு. உள்ள இன்னா இருக்குன்னு நீங்க படிச்சப்பறம்தான் தெரிஞ்சுது."

வண்டி

அவர்களுக்கு ஒரே மகன், முருகேசன். புதுச்சேரியில் ஒரு கடையில் இருந்தான். லீவு கிடைக்காததால் நாடகத்துக்கு அவன் வரவில்லை. கொஞ்ச நாளில் கடல் தாண்டி சைகோனில் வேலை கிடைத்தது, கப்பல் ஏறுகிறேன் என்று வந்து நின்றான். நிலத்தை யார் பார்ப்பது என்று ராமலிங்கம் கத்தினார். அப்புறம் பேச்சையே நிறுத்திவிட்டார்.

கிளம்புகிற அன்று வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன், எனக்கும் டவுனில் வேலை இருந்தது. முருகேசன் அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டு, "வரேம்பா" என்றான். ராமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் அசையவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே நின்றார். அன்றைக்கு ஓரத்தில் நின்று வாசிக்க ஆளில்லை.

தவளக்குப்பம் தாண்டியதும் பையன் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம், "நான் எக்கேடு கெட்டா இன்னான்னு வுட்டுட்டாரு" என்றான். "இல்லடா, அது அழுகைய அடக்கிக்கிட்டு நிக்கிறது. எனக்குத் தெரியும்டா" என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க நாடகக்காரரு வாத்தியாரே. அப்பிடித்தான் சொல்லுவீங்க."

சண்டை வந்த பிறகு

போனவன் சைகோன் போய்ச் சேர்ந்ததாக ஒருவர் வந்து சொன்னார். அப்புறம் உலகச் சண்டை வந்தது, கப்பல் நின்றது, தகவலும் நின்றது. சண்டை முடிந்து ஊர்க்காரர்கள் சிலர் திரும்பி வந்தார்கள். முருகேசன் வரவில்லை. அவனைப் பார்த்ததாகச் சொல்லவும் ஆளில்லை. அடுத்த திருவிழாவுக்கு அதே நாடகத்தைப் போடலாம் என்று கோதண்டம் என்னை ராமலிங்கத்திடம் அழைத்துப் போனார். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியை மெதுவாக வரப்பில் வைத்தார்.

"ராஜா வேஷம் இருந்தா குடுங்க வாத்தியாரே. நான் யாருன்னு வாயத் தொறந்து சொல்லிட்டு நிக்கிற வேஷமா இருக்கணும். அன்னிக்கி வண்டிகிட்ட அதத்தான் சொல்லாம வுட்டுட்டேன்."

இன்றைக்கும் ஊர் ஊராக அந்த நாடகத்தைப் படித்துக் காட்டுகிறேன். எழுதியவர் கோபித்துக்கொண்டாலும் சரி, அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடத்தில் மட்டும் புத்தகத்தில் இல்லாத 'பத்திரமா போய்ட்டு வாடா கண்ணு' என்ற ஒரு வசனத்தை நானே சேர்த்து வாசித்துவிடுகிறேன்.