வெயில் பக்கத்து ஜன்னல்

எங்க வீட்டுக்காரர் தலையில நடு உச்சியில அஞ்சு ரூபாக் காசு அகலத்துக்கு முடி கிடையாது. அது அவருக்கே சரியாத் தெரியாது. எனக்குத் தெரியும், பரக்கத் நிஷாவுக்குத் தெரியும், காலைப் பாசஞ்சர்ல மூணாவது பெட்டியில ஏறி திருச்சிக்கு வேலைக்குப் போற அத்தனை பொம்பளைங்களுக்கும் தெரியும். எப்படித் தெரியும்னா, அது பெரிய கதை. சொல்றேன்.

அவரு பேரு அழகுமலை. புதுக்கோட்டையில மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு. போர் மோட்டாரோ மிக்ஸியோ ஃபேனோ, எது எரிஞ்சு போனாலும் அவருகிட்டதான் வரும். குளிச்சிட்டு வந்தாலும் வெரல்ல வார்னிஷ் வாடை போகாது. கடை பத்து மணிக்குத்தான் தொறப்பாரு. அதுவரைக்கும் அவரு எனக்கும் சொந்தமில்லை, பெத்த தாய்க்கும் சொந்தமில்லை. வண்டியைக் கெளப்பிக்கிட்டு நார்த்தாமலைப் பக்கம் போயிருவாரு, ரயிலைப் போட்டோ எடுக்க. அங்கிட்டு லைன் வளையுற எடத்துல, தண்டவாளத்தை விட்டு நல்லாத் தள்ளி, ஒரு வேப்ப மரம் நிக்கும். அந்த மரத்தடிதான் அவரோட எடம். முதுகுக்குப் பின்னாடி சூரியன், எதிர்க்க ரயிலு, ரயிலுக்குப் பின்னாடி மலை. அதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன வேணும்ங்கிற மாதிரி நிப்பாரு.

கல்யாணம் ஆன புதுசுல கேட்டேன், அந்த ரயில்ல அப்படி என்னதான் இருக்குன்னு. ரொம்ப நேரம் யோசிச்சிட்டுச் சொன்னாரு. முதல்ல தண்டவாளம் லேசா முனகுமாம். அப்புறம் காத்தே நின்ன மாதிரி இருக்குமாம். அப்புறம் அது வந்து, எல்லாத்தையும் நெறைச்சிட்டுப் போயிருமாம். போன பிறகு அந்த மலை முன்னால இருந்ததைவிட அமைதியா இருக்குமாம். எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அதைச் சொன்னப்ப அவரு மூஞ்சி அவ்வளவு அழகா இருந்துச்சு, நானும் பேசாம விட்டுட்டேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்.

இஞ்சினுக்கெல்லாம் நம்பர் உண்டு, அது எந்த ஊரு ஷெட்டைச் சேர்ந்ததுன்னு பக்கவாட்டுல எழுதியிருக்கும். பொன்மலை இஞ்சின்னா அவருக்கு நம்ம வீட்டுப் புள்ள. ஈரோடுன்னா சம்பந்தி வீடு. எப்பவாவது தெலுங்கானாவுல இருக்குற காஜிபேட் இஞ்சின் ஒண்ணு கூட்ஸை இழுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டா, துபாய்லேர்ந்து மாப்பிள்ளை வந்த மாதிரி அவருக்குத் தலைகால் புரியாது. அன்னிக்கு மத்தியானம் என்ன கொழம்பு வச்சாலும் நல்லா இருக்கும்பாரு.

இவர மாதிரி ஆளுங்க நாப்பது பேரு சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வச்சிருக்காங்க. அதுல ஒரு சட்டம். ரயிலை முதல்ல பாக்குற ஆளு, இஞ்சின் தாண்டுன உடனே நம்பரைப் போட்டுரணும். அப்பத்தான் அடுத்த ஸ்டேஷன்ல இருக்குறவன் வந்து நிப்பான். இவருக்கு அடுத்து கீரனூர்ல பெலிக்ஸ். மொபைல் கடை வச்சிருக்கான், நல்ல பையன். இவரு நம்பரைப் போட்டாத்தான் அவன் ஷட்டரை எறக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடி வர முடியும். அதனால இவரு என்ன செய்வாருன்னா, இஞ்சின் தாண்டுச்சோ இல்லையோ, குனிஞ்சிருவாரு. கேமராத் திரையில படத்தைப் பெருசாக்கி நம்பரைப் படிச்சு, போன்ல தட்டி அனுப்பி, அப்புறம் நிமிர்ந்து பார்த்தா ரயிலே போயிருக்கும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆபீஸ்ல என்னையத் திருச்சிக்கு மாத்துனாங்க. எல்லாரும் அய்யய்யோன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். தினமும் காலையில அவரு நிக்கிற எடத்தைத் தாண்டித்தானே போவேன். மொத நாளே சொல்லி வச்சேன், மூணாவது பெட்டியில வெயில் பக்கத்து ஜன்னல்ல ஒக்காந்திருப்பேன், கை காட்டுவேன், ஒரு போட்டோ எடுங்கன்னு. சரி சரின்னு தலையாட்டுனாரு.

சாயங்காலம் வந்து ஆசை ஆசையாப் பார்த்தேன். நாப்பது படம். இஞ்சினு நேரா வருது, இஞ்சினு சாஞ்சு வருது, இஞ்சினுக்கு மேல கொக்கு பறக்குது. நான் எங்கன்னு கேட்டேன். கடைசிப் படத்தைக் காட்டி, அதோட ஓரத்துக்கு வெளிய வெரலை வச்சு, "இதுக்கு அடுத்து நீ வந்திருப்ப"ன்னாரு. கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. சிரிப்பும் வந்துச்சு. அவரோட குடும்பம் நடத்துனவளுக்குத்தான் அது தெரியும்.

அப்படித்தான் அவரு உச்சந்தலை ஊரறிஞ்ச விசயமாச்சு. அந்தப் பெட்டியில எல்லாரும் நெழலு பக்கத்துக்கு அடிச்சுக்குவாங்க. நான் மட்டும் மூஞ்சி கருத்தாலும் பரவால்லன்னு வெயில்ல போய் ஒக்காருவேன். பரக்கத் நிஷா திருச்சியில ஒரு ஜவுளிக்கடையில கணக்கு பாக்குது. ஏன் பரிமளாக்கா இப்படி வேகுறீங்கன்னு ஒரு நாள் கேட்டுச்சு. வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். மறுநாள்லேர்ந்து வளைவு வந்துட்டாப் போதும், அத்தனை பேரும் என் பக்கம் எட்டிப் பார்ப்பாங்க. "இந்தா வந்துருச்சு, ஒங்க ஆளு மண்டை"ம்பா நிஷா. பெட்டியே சிரிக்கும். வருசம் ரெண்டு, ஒரு நாள் கூட அந்த மண்டை நிமிரல. கெழமைக்கு ஒருக்கா நான் சொல்லிப் பார்ப்பேன். நாளைக்குக் கண்டிப்பாப் பாக்குறேம்பாரு. மறுநாள் இஞ்சினு வந்தா சொன்னது மறந்துரும்.

அதுக்காக அந்தக் காலை நேரத்தை நான் வெறுத்தேன்னு நெனைக்காதீங்க. வெள்ளனூர் தாண்டுனதும் எனக்கு ஒரு மயக்கம் வரும். தூக்கமும் இல்ல, முழிப்பும் இல்ல. பெட்டி ஆடுற ஆட்டத்துல டிபன் பாக்ஸ் மடியில சூடா இருக்கும். செம்மண்ணும் பனையும் மெதுவா மெதுவாச் சுத்தும். மார்கழியில பனி எறங்கிக் கெடக்கும், மலை பாதிக்கு மேலதான் தெரியும், அடிவாரம் இருக்காது. அந்தப் பனிக்குள்ள ஒரு மனுசன் மட்டும் கலங்கலா நின்னுக்கிட்டு இருப்பாரு. அவரு என் புருசன்தானா, இல்ல நான் கனவுல பாக்குற யாரோவான்னு இருக்கும். பக்கத்துல வந்தா தெரியும், குனிஞ்சிருப்பாரு, எங்க வீட்டுக்காரர்தான்.

போன ஆடியில குளிக்கும்போது வலது மார்புல ஒரு கட்டி கையில தட்டுப்பட்டுச்சு. புளியங்கொட்டை அளவு. ரெண்டு நாள் ஒண்ணுமில்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மூணாம் நாள் பயம் வந்துருச்சு. ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு திருச்சியிலயே ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஊசி வச்சு சதை எடுத்தாங்க, வியாழக்கெழமை ரிசல்ட்டுன்னாங்க. பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கேன். இல்லாட்டி யாரு இப்ப ஒங்ககிட்ட வாயடிச்சுக்கிட்டு இருப்பா? கட்டியை எடுத்து, கெட்டது இல்லன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்க. ஆனா அந்த வியாழக்கெழமை எனக்கு அதெல்லாம் தெரியாதே.

யாருகிட்டயும் சொல்லல. கட்டுன புருசன்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நானும் இப்ப அதைத்தான் கேட்டுக்குறேன். வாய் வரைக்கும் வரும், அவரு கேமராவைத் தொடச்சுக்கிட்டு இருப்பாரு, திரும்ப உள்ள போயிரும். வியாழக்கெழமை ரயில்ல ஏறுனப்ப எனக்குள்ள ஒண்ணு முடிவு பண்ணேன். இன்னிக்கு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னையப் பார்த்தா, எறங்குனதும் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிருவேன். பாக்கலன்னா சொல்லவே மாட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். பயந்து போன மனசு அப்படித்தான் எதையாவது புடிச்சுத் தொங்கும்.

என் நேரம், அன்னிக்குப் பாத்து எங்க பாசஞ்சருக்கு ரெட்டை இஞ்சின் போட்டு வந்துச்சு. முன்னாடி நின்னது காஜிபேட். நிஷா லீவு. பெட்டியில யாரும் எட்டிப் பார்க்கல. வளைவு வந்துச்சு, வேப்ப மரம் வந்துச்சு. நான் ஜன்னல் கம்பியில நெத்தியை வச்சுக்கிட்டு, என்னங்க, இங்க பாருங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தேன். ரெண்டு நம்பர் படிக்கணுமில்ல, அதனால வழக்கத்தைவிட ரொம்பக் குனிஞ்சிருந்தாரு. மரம் போயிருச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு. கீரனூர் வந்ததும் தெரியல, போனதும் தெரியல.

டாக்டரம்மா கட்டியை எடுத்துத்தான் ஆகணும், எடுத்துப் பார்த்தாத்தான் முழுசாச் சொல்ல முடியும்னாங்க. அடுத்த புதன்கெழமைக்கு நாள் குறிச்சுக் குடுத்தாங்க. அந்தச் சீட்டைக் கைப்பையில மடிச்சு வச்சுக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவரு வீட்டுல இருந்தாரு. எட்டு மணிக்கு முன்னாடி கடையை அடைக்காத மனுசன், லைட்டுக் கூடப் போடாம நாற்காலியில ஒக்காந்திருந்தாரு. கையில போனு.

பெலிக்ஸ் அன்னிக்கு ரயிலு ஸ்டேஷனுக்குள்ள நுழையுறதை எடுத்துக் குரூப்புல போட்டிருக்கான். அவன் இவர மாதிரி இஞ்சினை மட்டும் வெட்டி எடுக்க மாட்டான், பெட்டியையும் சேர்த்து எடுப்பான். எந்தப் படம் வந்தாலும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்குறது எங்காளு பழக்கம். ரெண்டு இஞ்சினையும் பார்த்துட்டு, அப்படியே படத்தைத் தள்ளிக்கிட்டே வந்திருக்காரு. மூணாவது பெட்டி ஜன்னல்ல ஒருத்தி கம்பியில நெத்தியை வச்சு அழுதுக்கிட்டு இருந்திருக்கா.

போனை என் முன்னாடி நீட்டுனாரு. "இது நீதானே பரிமளா? ஏன் அழுவுற?"

சீட்டை எடுத்துக் குடுத்தேன். படிச்சாரு. மறுபடியும் படிச்சாரு. எத்தனை நாளாத் தெரியும்னு கேட்டாரு, சொன்னேன். "காலையில நான் அங்கதானே நின்னேன்"னாரு, சின்னப் புள்ள மாதிரி.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். "நீங்க அங்கதான் நின்னீங்க. ரெண்டு வருசமா நான் ஒங்களைப் பார்த்துக்கிட்டேதான் போறேன். நீங்க ஒரு நாளாவது என்னையப் பார்த்தீங்களா?"

ராத்திரி அவருதான் ரசம் வச்சாரு, உப்பே இல்லை, ரெண்டு பேரும் அதையே ஊத்திச் சாப்புட்டோம்.

புதன்கெழமை கார் வைக்கிறேன்னாரு. வேணாம், என் ரயில்லயே போறேன்னேன். சரின்னு கேமராவை பீரோவுல வச்சுப் பூட்டிட்டு கூட வந்தாரு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஊரு ரயிலெல்லாம் போட்டோ எடுக்குற மனுசன் அந்தப் பாசஞ்சர்ல ஒரு தடவை கூட ஏறுனதில்லை. உள்ள ஒக்காந்தா ரயிலு தெரியாதாம், அதனால. நிஷா எந்திரிச்சு எடம் விட்டுச்சு. என்னைய ஜன்னல்ல ஒக்கார வச்சுட்டு, ஒட்டிக்கிட்டு ஒக்காந்தாரு. வெள்ளனூர் வரைக்கும் சத்தத்தை வச்சு இஞ்சின் எந்த ஷெட்டுன்னு காதுக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தாரு, எனக்குத் தெரியாதா. பெட்டியில அன்னிக்கு யாரும் சிரிக்கல. முந்தின நாள் நிஷாகிட்ட மட்டும் விசயத்தைச் சொல்லியிருந்தேன், அது எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருந்துச்சு போல.

வளைவு வந்துச்சு. ரயிலு மெதுவா அந்தப் பக்கமா சாஞ்சுச்சு. வேப்ப மரமும், அடியில புல்லு தேஞ்சு வெறும் மண்ணாக் கெடந்த அவரு நிக்கிற எடமும் ஜன்னலுக்குள்ள வந்துச்சு. அங்க யாரும் இல்ல. வளைவுங்கிறதால அது சட்டுன்னு போயிரல. திரும்பித் திரும்பி எங்களையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அவரு ஒதடு அசைஞ்சுது. என்னன்னு பார்த்தா, எண்ணிக்கிட்டு இருக்காரு. மரம் மறைஞ்சதும்தான் நிறுத்துனாரு.

"இருபத்திரெண்டு செகண்டு"ன்னாரு. என் பக்கம் திரும்பி, "தினமும் இவ்வளவு நேரமா நான் ஒனக்குத் தெரிவேன்?"

"தினமும்தாங்க."

கீரனூர் வந்துச்சு, பிளாட்பாரத்துல பெலிக்ஸ் நின்னான், இவரு திரும்பவே இல்லை. வெயில் என் மூஞ்சியில அடிச்சுது. அவரு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு வந்தாரு. இத்தனை பொம்பளைங்க இருக்காங்க, எனக்கு வெக்கமாப் போச்சு. எல்லாரும் பாக்குறாங்க, வெளிய பாருங்கன்னு மெல்லச் சொன்னேன். கேக்கல. திருச்சி வர்ற வரைக்கும் கேக்கல.