கவிஞரின் ஞாயிற்றுக்கிழமை வேலைகள்

என் கணவர் ஒரு கவிதைகூட எழுதியதில்லை. இருந்தும் பார்சல் ஆபீசில் அவருக்குப் பெயர் கவிஞர். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாராம். பட்டம் கொடுக்க அவர்களுக்கு அது போதும். இருபத்திரண்டு வருஷமாக அங்கே ரசீது போடுகிறார். நடுவே கார்பன் வைத்து மூன்று பிரதி. மூன்றாவதிலும் எழுத்து விழ வேண்டுமே என்று அழுத்தி அழுத்தி, இப்போது எதை எழுதினாலும் தாளின் முதுகு தடித்துப்போகிறது. மளிகைச் சீட்டு எழுதினாலும் அப்படித்தான்.

அவர் எழுத நினைத்தது ஒரே ஒருவரைப் பற்றி, அவருடைய அம்மாவைப் பற்றி. அவருக்கு ஏழு வயதில் அம்மா இறந்துபோனார். ஒரு போட்டோகூட இல்லை. அப்போது பத்தொன்பது வயதாயிருந்த அண்ணன்தான் தம்பியை வளர்த்தார். அண்ணனுக்குக் கடிகாரம் ரிப்பேர் செய்யும் தொழில். வாயைத் திறப்பதே அபூர்வம். அப்படிப்பட்டவர் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவைப் பற்றித் தம்பியிடம் சொல்லி வைத்திருந்தார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகச் சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கு நின்றது, கோபம் வந்தால் மனிதர்களை விட்டுவிட்டுப் பாத்திரங்களைத் திட்டுவது, எல்லாம்.

போன வருஷம் கண் டாக்டர் அண்ணனிடம் கையை விரித்துவிட்டார். பார்வை ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம் என்றாராம். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உன்கிட்ட சொல்லியாச்சுடா. நீ எழுதிடு. கண்ணு போறதுக்குள்ள அம்மாவை ஒரு தடவை பார்த்துடணும். போட்டோவுலதான் இல்ல, எழுத்துலயாவது."

"மூணே மாசம்ண்ணா. முடிச்சுத் தந்துடறேன்," என்றார் இவர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இவரை எனக்குத் தெரியாதா?

இருவருக்கும் வேலை. நான் சலவைக் கடையில் இஸ்திரிப் பிரிவில் இருக்கிறேன், வாரத்தில் ஆறு நாள் நின்றுகொண்டே. ஆக எழுதுவதற்கு என்று இருப்பது ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். குளித்து, தலை வாரி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி மேஜை முன்னால் உட்காருவார். நோட்டை நேராக வைப்பார். அது கோணலாகத் தெரியும், மறுபடி நேராக்குவார். பேனாவை உதறுவார். மேஜைக்கால் ஆடுகிறது என்று கண்டுபிடிப்பார். அட்டை மடித்து முட்டுக் கொடுத்ததும் ஜன்னல் கண்ணாடியில் கறை தெரியும். அதைத் துடைத்து முடிப்பதற்குள் போன் அடிக்கும்; ராங் நம்பர்காரரோடு பத்து நிமிஷம் பேசுவார்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். சமையலறை அலமாரிக் கதவு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டித் தாருங்கள் என்று இரண்டு மாதம் கெஞ்சியிருப்பேன். அசையவில்லை. எழுத உட்கார்ந்த முதல் ஞாயிறு, தானாகவே எழுந்து வந்து பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார், எண்ணெயும் போட்டு. எனக்கு அப்போதே பொறி தட்டியது. எழுத உட்கார்ந்த மனிதர் எந்த வேலைக்கும் தயார்.

அன்றிலிருந்து நான் வேலைகளைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தேன். பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி, அதே அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தேன். குழாய், சுவிட்ச், ஆடும் ஸ்டூல், பரண், தையல் மெஷின் பெல்ட் என்று மொத்தம் பதினான்கு. அவர் முதல் வரியை எழுதும்வரை காத்திருப்பேன். சட்டென்று கூப்பிட்டால் சிடுசிடுப்பார். ஒரு வரி எழுதி இரண்டாவது வராமல் திணறும்போது கூப்பிட்டால் ஓடி வருவார். "ஏங்க, ஒரு நிமிஷம்" என்றால் போதும். கடையில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தங்கம் என்றார்கள். மூன்று மாதம் ஏழானது.

பதினான்காவது வேலை சமையலறைப் புகைபோக்கி ஃபேன். அவர் ஸ்டூல் மேல் நின்று பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அண்ணன்.

"அவன் எழுதறானாம்மா?"

அண்ணாந்து பார்த்தேன். முகமெல்லாம் கரி. "எழுதிட்டுதான் இருக்காங்க மாமா," என்றேன்.

"அப்போ கூப்பிடாத. நேத்துலேர்ந்து எனக்குக் கடிகார முள்ளு தெரியல. கடையைச் சாத்திட்டேன். பெரிய எழுத்துன்னா இன்னும் கொஞ்ச நாள் தெரியும்போல. இதையெல்லாம் அவன்கிட்ட இப்போ சொல்லாத, கவனம் சிதறிடும். நீயும் அவனைத் தொந்தரவு பண்ணாம பார்த்துக்கம்மா."

போனை வைத்தேன். அவரை இறங்கச் சொன்னேன். காலண்டர் தாளைப் பிய்த்து அவர் கையில் கொடுத்து, அண்ணன் சொன்னதையும் நான் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். திட்டு வாங்கியிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

அவர் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். "நீ கூப்பிடலன்னா நான் வேற எதையாவது தேடிப் போயிருப்பேன்," என்றார். "நீ எப்போ கூப்பிடுவேன்னு காத்துட்டு இருந்திருக்கேன். அம்மாவைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதே கொஞ்சம். எழுதினா நாலு பக்கத்துல முடிஞ்சிடுவாங்களோன்னு பயம். எழுதாத வரைக்கும் அவங்க நிறைய இருக்கற மாதிரி இருந்துச்சு."

கையைக் கழுவிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்தினேன். அழைப்பு மணியின் வயரைக் கழற்றினேன், இரண்டு போன்களையும் அணைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் வீட்டில் எல்லோருக்கும் அம்மை என்று புளுகினேன். அதிலும் ஒரு ஞாயிறு அவர் வெறுமனே சுவரைப் பார்த்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. நான்கு ஞாயிறுகளில் ஆறு பக்கம், தாளுக்கு ஒரு பக்கமாக, பெரிய பெரிய எழுத்தில்.

கொண்டுபோனபோது அண்ணன் எங்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

தம்பி படித்தார். பாத்திரங்களைத் திட்டும் இடத்தில் அண்ணன் சிரித்தார். முடிந்ததும் தாள்களுக்காகக் கையை நீட்டினார். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தார். அப்புறம் தாளின் முதுகில் அவர் விரல் மெல்ல ஓடியது.

"நல்லா அழுத்தி எழுதியிருக்கடா," என்றார். "அம்மா எங்க வர்றாங்க?"

இவர் அண்ணனின் விரலைப் பிடித்து, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு இடமாக வைத்துக் காட்டினார். ஆறாவது தாளில் பாதிக்குக் கீழே விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"இதுக்கப்புறம் வழவழன்னு இருக்கு."

"இன்னும் எழுதணும்ண்ணா."

"நிதானமா எழுது. இனிமே எனக்கு அவசரம் இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அழுதேன். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றேன். அலமாரிக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஸ்டூல் ஆடவில்லை. ஒரு குழாய்கூடச் சொட்டவில்லை.