எழுபதைத் தொடாத படகு

அப்பா எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த பெட்ரோல் வேன் இப்போது தண்ணீரில் ஓடுகிறது. வேன் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். இன்ஜின், கியர்பாக்ஸ், பெடல், ஸ்டீயரிங், டேஷ்போர்டு, ரேடியேட்டர், இவ்வளவுதான் மிச்சம். மற்றதெல்லாம் துருப்பிடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

குன்னத்தில் சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போன வருஷத்தில் அப்பா அதை வாங்கினார். "எம்பொண்ணு யாரையும் எதிர்பாக்காம தானே ஓட்டிக்கிட்டு வரணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் மண்டபத்தில் சாவியை என் கையில் வைத்தார். சாவி என் கையில் சூடு ஏறுவதற்குள் மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். அவர் அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுபவர். டிரைவர் இருக்கிற வீட்டில் வேறு யாராவது ஸ்டீயரிங்கைத் தொட முடியுமா? நாள் முழுக்க லாரி ஓட்டி அலுத்துப்போய் வருவார்; அந்த அலுப்புத் தீர வேனை ஓட்டுவார். நான் இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன். எதிரில் எருமை வருகிறது என்று சொன்னால்கூட, "ஓட்டறவன்கிட்ட பேச்சு குடுக்காத புள்ள" என்பார். நான் எடுத்த லைசென்ஸ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலேயே கிடந்தது. அப்பா சாகும்வரை அந்த வேனை நான் தெருமுனை வரைகூட ஓட்டிக் காட்டவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

போன வருஷம் ஊருக்குக் கிழக்கே உள்ள பழைய சுண்ணாம்புக் கல் குழியை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்தோம். கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழி, மழைத் தண்ணீர் நின்று ஏரி மாதிரி ஆகிவிட்டது. அக்கரைப் பக்கம் உள்ள மீனுக்கும் தீவனம் போடப் படகு வேண்டும். இவர் நாகப்பட்டினத்துக்கு லோடு இறக்கப் போனபோது, சும்மா திரும்பி வருவானேன் என்று ஒரு பழைய ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். துடுப்புப் போட்டு இவருக்கு இரண்டு நாளில் தோள் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் இவர் கண் வாசலில் துருப்பிடித்து நின்ற வேன் மேல் விழுந்தது.

எனக்குச் சம்மதமே இல்லை. அந்த இன்ஜின்தான் அப்பா கொடுத்ததில் மிச்சம் இருந்தது. அதையும் இந்த மனிதர் கொதிக்க வைத்துக் கொன்றுவிடுவார் என்று பயந்தேன். "பயப்படாத, நான் ஓட்டாத இன்ஜினா?" என்றார். என் பயமே அதுதான்.

அரியலூரிலிருந்து வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் பொருத்தினார். இன்ஜின் சுழற்றும் ஜாயிண்ட் ராடு முனையில் சக்கரத்துக்குப் பதிலாகத் தண்ணீரைத் தள்ளும் விசிறி, ஸ்டீயரிங்கிலிருந்து சுக்கானுக்குக் கயிறு. போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

"அண்ணே, ரோடுன்னா எறக்கம் வரும், ரயில்வே கேட்டு போடுவான், டீக்கடையில நிறுத்துவீங்க. இன்ஜின் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கும். தண்ணியில கரை சேர்ற வரைக்கும் ஏத்தம்தான். இன்ஜின் வேகத்துல பாதிக்கு மேல போவாதீங்க."

அந்த வேனில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கம்பியில் ஓடுகிற, கிலோமீட்டர் காட்டும் முள் மட்டும்தான். இவர் அதைக் குனிந்து பார்த்தார். கடைசி எண் நூற்று நாற்பது. "பாதின்னா எழுபது. எழுபது வரைக்கும் தாராளமா மிதிக்கலாம்" என்றார்.

"ஏங்க, அது சக்கரத்துக்கு வெச்ச கணக்கு. இங்கதான் சக்கரமே இல்லியே?"

"சக்கரம் இல்லாட்டி என்ன, முள்ளு இருக்குல்ல?"

வெள்ளோட்டத்துக்கு நானும் ஏறினேன். தீவன மூட்டைக்குத் துணையாக என்றுதான் சொன்னேன். உண்மையில் இன்ஜினுக்குத் துணையாக. கரையைத் தாண்டியதும் இவர் லாரிக்காரப் பழக்கத்தில் மளமளவென்று கியரை மாற்றி டாப்பில் போட்டுவிட்டார். டாப்பில் போனால்தான் டீசல் மிச்சம் என்பது இவருடைய நம்பிக்கை. வண்டி பெட்ரோல் என்பது வேறு விஷயம். இன்ஜின் அடிவயிற்றிலிருந்து முனகியது. முள் ஐம்பத்தைந்துக்கு ஏறி அங்கேயே நின்றது.

கரையோரமாக ஒரு பெரியம்மா ஆடு ஓட்டிக்கொண்டு போனார். ஆடுகள் மேய்ந்தபடியே எங்களுக்குச் சமமாக வந்தன.

"என்னா வேகம் தம்பி?" என்று கேட்டார்.

"அம்பத்தஞ்சு!" என்று இவர் பெருமையாகக் கத்தினார்.

பெரியம்மா தன் ஆடுகளை ஒரு முறை மரியாதையுடன் பார்த்துக்கொண்டார்.

"இன்னும் எழுவது வரலியே" என்று இவர் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். முள் அசையவில்லை. வெப்பம் காட்டும் முள்தான் அசைந்தது. "ஏங்க, சூடு ஏறுதுங்க" என்றேன். "ஓட்டறவன்கிட்ட..." என்று இவர் ஆரம்பித்தபோது ரேடியேட்டர் புஸ்ஸென்று ஆவி விட்டது. குழி நடுவில் படகு நின்றது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "பச்சமலை ஏறும்போதும் இப்படித்தானே டாப்புலயே அழுத்தி வண்டிய கொதிக்க வெச்சீங்க? அப்பவாவது மேல போனா எறக்கம் இருந்துச்சு. இங்க எங்கங்க எறக்கம்?"

சூடு தணியட்டும் என்று காத்திருந்தோம். பிறகு இவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குறைந்திருந்த தண்ணீரை நிரப்பினார். இன்ஜின் உயிரோடுதான் இருந்தது. ஆனால் காற்று போதாத ரேடியேட்டர் மேல் கரை சேரும்வரை மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே வர வேண்டும். ஊற்றுகிறவரால் ஸ்டீயரிங் பிடிக்க முடியாது. என்னிடம் மக்கைக் கொடுத்துப் பார்த்தார். நான் கையை நீட்டவில்லை.

"சரி, வா இந்தப் பக்கம்" என்று கடைசியில் எழுந்தார்.

இரண்டாவது கியரில் போட்டு மெதுவாக மிதித்தேன். முனகல் நின்றது. கரையில் ஆட்டு மணிச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த மணி கேட்கிற வரை மிதிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். முள் இருபதைத் தாண்டவில்லை. படகு என்னவோ முன்பு போன வேகத்தில் பாதிக்குக் குறையாமல் போனது.

"புள்ள, தேர்டு போடு."

"ஓட்டறவகிட்ட பேச்சு குடுக்காதீங்க."

இவர் இன்னொரு மக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அந்த ஐந்தாறு நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னால் சொல்லி மாளாது. அப்பா கரையில் நின்று பார்க்கவில்லையே என்பதுதான் ஒரே குறை.

கரையில் அந்தப் பெரியம்மா காத்திருந்தார். "என்ன தம்பி, நீ டிரைவராச்சே. பொம்பளைய ஓட்ட வுட்டுட்டியே?" என்றார்.

இவர் தொப்பலாக நனைந்த சட்டையைப் பிழிந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார். "வண்டி அவளுதும்மா. அவங்கப்பா அவளுக்குன்னு வாங்கிக் குடுத்தது."

நான் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.