பாய்க்குள்ள அழுத பிள்ளை

எங்க வீட்டு டிவிக்குப் பக்கத்துல ஒரு பொம்மை உக்காந்திருக்கு. தூக்கினா கைப்பிள்ளை அளவுக்கு இருக்கும். வெள்ளைக்காரி முகம், நீலக் கண்ணு, முடி ஒரு பக்கம் பொசுங்கிப் போய்க் கெடக்கும். ஆனா உடுத்தியிருக்கிறது அரக்குச் சேலை, கழுத்துல மஞ்சக் கயிறு, கொண்டையில நூல்ல செஞ்ச கனகாம்பரம். படுக்க வச்சா ஒரு கண்ணு மூடும், இன்னொண்ணு மூடாது. என் பேத்தி லீவுக்கு வந்தா முதல் வேலையா அதைப் படுக்க வச்சுப் பாத்துட்டுச் சிரிப்பா. அவளும் பொம்மை சேக்குறவதான். வாள் பிடிச்சவன், ரெக்கை முளைச்சவ, முயல் காது வச்ச ரப்பர் உருப்படி ஒண்ணு, இப்படி அலமாரி பூரா இருக்கு. ஒண்ணையும் பெட்டிய விட்டு வெளிய எடுக்க மாட்டா. பிரிச்சா மதிப்பு போயிருமாம். ஏட்டி, அதுகளுக்கு மூச்சு முட்டாதான்னு கேப்பேன். அது கலெக்சன் பாட்டி, விளையாட்டு இல்லைம்பா. எனக்குச் சிரிப்பா வரும். கலெக்சன்ங்கிற வார்த்தை தெரியாத காலத்துலயே கொச்சி மட்டாஞ்சேரியில அதைச் செஞ்ச ஒருத்தி கூட ஒரே வீட்டுல இருந்தவ நான்.

அது எங்க மதினி. என் வீட்டுக்காரரோட அக்கா. நான் தென்காசிப் பக்கத்துல இருந்து கல்யாணமாகி வந்தது எழுபத்தெட்டோ எழுபத்தொம்பதோ. எனக்கு வருசம் சரியா நிக்காது. கல்ஃப்ல இருந்து எல்லாரும் டேப்ரெக்காடரத் தோள்ல தூக்கிட்டு வந்த காலம்னு வச்சுக்கோங்க. மலையாளம் ஒரு சொல்லு தெரியாது எனக்கு. சாயான்னா டீ, கப்பைன்னா மரவள்ளிக் கிழங்கு, இதைக் கத்துக்கவே ஒரு மாசம் ஆச்சு. முதல் நாள் வீட்டுக்குள்ள வலது கால வச்சு நுழைஞ்சு நிமிந்து பாக்கேன், செவுரு முழுக்கப் பலகை, பலகை முழுக்க முகம். எல்லாம் என்னையே பாக்குது. பயந்து போயி ஒரு அடி பின்னால வச்சேன். மதினி வந்து என் கையப் பிடிச்சு, "பயப்படாத, உன்னைப் பாக்கத்தான் எல்லாத்தையும் துடைச்சு வச்சேன்"னு சொன்னாக.

மதினியும் அவுக அம்மாவான எங்க அத்தையும் சுக்கு மூட்டை அடுக்குற கிட்டங்கியில சுக்குப் பெறக்குற வேலைக்குப் போவாக. சாயந்தரம் வந்தா சேலையெல்லாம் சுக்கு வாசம், தும்மல் வரும். வேலை விட்டு வர்ற வழியில மதினி யூதங்க தெரு, ஜூ டவுன் வழியா சுத்திக்கிட்டு வருவாக. அங்க பழைய சாமான் கடைக்காரர் ஒருத்தர், வெளிநாடு போறவங்க வீட்டைக் காலி பண்ணினா அந்தப் பெட்டியெல்லாம் வாங்குவாரு. உள்ள மூக்கு உடைஞ்ச பீங்கான் பொம்மை ஏதாவது கெடக்கும். இதை வெள்ளைக்காரச் சாயிப்புமாரு வாங்க மாட்டாங்க, நீ கொண்டு போன்னு கொடுத்துருவாரு. ஞாயித்துக்கிழமை ஆனா படகு ஏறி எறணாகுளம் போயி, பிராட்வேயில பொம்மைக் கடை வாசல்ல நிப்பாக. கையி கழண்டது, காலு திருகினது, சாவி தொலைஞ்சது, எல்லாம் மதினிக்குத்தான். நல்ல பொம்மைய வாங்குறதுக்கு ஆள் இருக்கு, இதுகளுக்கு யாரு இருக்கான்னு ஒரு தடவை சொன்னாக.

சும்மா அடுக்கி வச்சா அது என்ன பெரிய விசயம். மதினி என்ன செய்வாகன்னா, ஒவ்வொண்ணுக்கும் எங்க சந்துல இருக்கிற ஒரு ஆளோட உடுப்பைத் தச்சுப் போட்ருவாக. தையக்கடையில விழுற துண்டுத் துணிதான். நீலக் கண்ணுக்காரி ஒருத்தி தலையில முக்காடு மாதிரி தட்டம் போட்டு, காது நெறைய அலுக்குத்து மாட்டிக்கிட்டு எதிர்த்த வீட்டு உம்மாவா நிப்பா. பீங்கான்காரி வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்தி, பின்னால விசிறி மாதிரி மடிப்பு வச்சு, மூலை வீட்டு அம்மச்சியா ஆயிருவா. பப்படம் போடுற கொங்கணியம்மாவுக்கு மடியில குட்டிக் குட்டிப் பப்படம்கூட இருக்கும், காகிதத்துல வெட்டினது. கப்பல்காரங்க விட்டுட்டுப் போன பட்டாளத்துக்காரன் ஒருத்தன் இருந்தான், முட்டி மடங்கும், முழங்கை மடங்கும். அவன் தொப்பியையும் துப்பாக்கியையும் கழட்டிட்டு, கைலி கட்டி, தலையில துண்டைச் சுத்தி, முதுகுல ஒரு சின்னச் சாக்கையும் ஏத்தி விட்டாக. கிட்டங்கியில மூட்டை தூக்குற சுமட்டுக்காரங்கள்லாம் அதைப் பாக்க வந்துட்டாங்க. இது நான்தான்னு ஒருத்தர், உனக்கு ஏதுடா இவ்வளவு புஜம்னு இன்னொருத்தர். சாயா போட்டுக் கொடுத்தே என் கை ஓஞ்சு போச்சு.

இதெல்லாம் கேக்க நல்லாருக்கு. ஆனா மதினிக்கு முப்பது தாண்டியாச்சு. தம்பிக்கு முடிச்சாச்சு, அக்கா இன்னும் வீட்டுல. வர்ற ஆளுக எல்லாம் பலகையப் பாத்துட்டு, ஊருக்குப் போயி கடுதாசி போடுறோம்பாக. கடுதாசி வராது. பொம்மைக்காரின்னு பேரு. மூளை வளராத பொண்ணுன்னு ஒரு கூட்டம், பொம்மைய வச்சிருந்தா வயித்துல பிள்ளை தங்காதுன்னு ஒரு கூட்டம். எங்க அத்தை ராவும் பகலும் திட்டுவாக, எல்லாத்தையும் அள்ளிக் காயல்ல போடப் போறேன்னு. ஒரு நாள் துணி அலசிக்கிட்டு இருக்கும்போது மதினி எங்கிட்ட மெதுவா கேட்டாக: "எனக்குக் கல்யாணமும் வேணும், இதுகளும் வேணும். ரெண்டையும் கேக்குறது பேராசையா?" நான் புதுசா வந்தவ, என்னத்தச் சொல்றது. பேராசை இல்ல மதினின்னேன். சொல்லிட்டேனே தவிர எனக்கே நம்பிக்கை இல்லை.

அப்பத்தான் பள்ளுருத்தியில இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுறவரு. அவுகளும் நம்ம பக்கத்துல இருந்து வந்தவுகதான். நல்ல குடும்பம், பொம்மைய மட்டும் கண்ணுல காட்டிராதீகன்னு தரகர் கால்ல விழாத குறை. எங்க அத்தைக்கு ஒரு யோசனை வந்துச்சு பாருங்க. எல்லாப் பொம்மையையும் சந்துல உள்ள வீடுகள்ல பிரிச்சுக் கொடுத்து ஒளிச்சு வைக்கிறது! சுமந்தது யாரு, நான்தான். மீன் கூடையில போட்டு மேல வாழையிலையப் போத்தி வீடு வீடாப் போனேன். யாருக்கு எதுன்னு நான் சொல்லவே வேண்டியில்லை. உம்மா உம்மாவையே எடுத்துக்கிட்டாக, அம்மச்சி அம்மச்சியவே எடுத்துக்கிட்டாக. சுமட்டுக்காரனுக்கு மட்டும் ரெண்டு வீட்டுக்குள்ள போட்டி.

ஒண்ணே ஒண்ணை மட்டும் மதினி தரலை. ஒரு கல்ஃப்காரச் சேச்சி வீட்டுல விளக்குல முடி பொசுங்கினதும் தூக்கிப் போட்ட பெரிய பொம்மை அது. அதுக்கு அரக்குச் சேலை பாதி தச்சு நிக்குது. என் கல்யாண ரவிக்கையில மிச்சம் வந்த துணின்னு பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. இதையும் கொடுங்க மதினின்னு கைய நீட்டினேன். "உன்னை எப்படி அடுத்த வீட்டுக்கு அனுப்புறது. நீ இப்பத்தான வந்திருக்கே"ன்னு சொல்லிட்டு, அதைப் பாயில வச்சுச் சுருட்டி மூலையில நிப்பாட்டிட்டாக. அந்தப் பொம்மை நான்தான்னு அப்பத்தான் விளங்குச்சு.

அவுக வந்தாக. மாப்பிள்ளை, அவரோட அப்பா, அம்மா, கூடத் தரகர். மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை, வாயத் திறக்கலை. அம்மா கண்டாங்கிச் சேலை, காதுல பாம்படம், வாயில வெத்தலை. பார்வை இருக்கே, அரிசியில கல்லுப் பெறக்குற பார்வை. பலகையெல்லாம் காலியா இருக்கே, என்னத்துக்கு இவ்வளவு பலகைன்னு கேட்டாக. பாத்திரம் அடுக்கத்தான்னு அத்தை சொன்னாக. பாத்திரம் எங்கன்னு கேக்காம விட்டாகளே, அது வரைக்கும் புண்ணியம். வீட்டுல சின்னப் பிள்ளைக உண்டான்னு அடுத்த கேள்வி. ஒண்ணும் கிடையாது, மருமக வந்து இப்பத்தான் ஒரு வருசம்னு அத்தை என்னையக் காட்டினாக.

மதினி சாயாத் தட்டோட வந்து நின்னாக. மாப்பிள்ளையோட அப்பா நல்ல கனத்த ஆளு, மூட்டை தூக்கி இடுப்பு போன மனுசன். சாஞ்சுக்கணும்னு மூலையில நின்ன பாயை இழுத்துச் சரிச்சுப் போட்டு, முதுகைக் கொடுத்தாரு.

பாய்க்குள்ள இருந்து, "ம்மா..."ன்னு ஒரு அழுகை.

அந்தப் பொம்மைய வயித்துக்குள்ள என்னமோ வச்சுச் செஞ்சிருக்கான் வெள்ளைக்காரன். சாச்சா அழும். அச்சு அசல் பச்சைப் பிள்ளை அழுகை. மதினிக்குத் தெரியும், அதான் நேரா நிப்பாட்டி வச்சிருந்தாக. மாப்பிள்ளையோட அப்பா இடுப்பு வலிய மறந்து துள்ளி எந்திரிச்சாரு. அம்மாவுக்கு வெத்தலை மெல்லுறது நின்னு போச்சு. பிள்ளை யாரோடதுன்னு கேட்டாக. எங்க அத்தை பாவம், பதறிப் போயி, பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னுட்டாக.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைய நீங்க ஏன் பாயில சுருட்டி வச்சிருக்கீக?"

தரகர் கதவைப் பாக்காரு. என் வீட்டுக்காரரு தரையப் பாக்காரு. பொம்மைய மறைக்கப் போயி, கல்யாணம் ஆகாத பொண்ணு பிள்ளையப் பெத்து மறைச்சு வச்சிருக்கான்னு ஆயிப் போச்சே. பொம்மைக்காரின்னு பேரு வாங்கினாலும் வாழ்ந்துக்கலாம். இந்தப் பேரு வந்தா?

மதினி தட்டைக் கீழ வச்சாக. நிதானமாப் பாயைப் பிரிச்சாக. பொம்மைய எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு, பாதி தச்ச சேலைய இழுத்துச் சரி பண்ணி விட்டுட்டு, நிமிந்து சொன்னாக. "பொம்மை. என்னோடது. இன்னும் நெறைய இருக்கு. உங்களுக்குப் பயந்து சந்து பூரா ஒளிச்சு வச்சிருக்கோம்."

அந்த நேரத்துல மாப்பிள்ளை முதல் தடவையா வாயத் திறந்தாரு.

"கண்ணு மூடுமா?"

"ஒண்ணு மூடும். இன்னொண்ணு மூடாது."

"எங்க அப்பாவும் அப்படித்தான் தூங்குவாரு"ன்னாரு.

மதினி சிரிச்சுட்டாக. வந்தவுக முன்னாடி பல்லுத் தெரியச் சிரிக்கக் கூடாதும்பாக, எங்க அத்தைக்கு அதுவேற கவலை. ஆனா மாப்பிள்ளையோட அம்மா அசையலை. இது ஒண்ணு பொம்மைங்கிறதால எல்லாம் பொம்மைன்னு எப்படி நம்புறதாம். கொண்டாங்க, ஒண்ணு விடாம என் கண்ணால பாக்கணும்னு சம்மணம் போட்டு உக்காந்துட்டாக.

நான் ஓடினேன். கூடையக்கூட எடுக்கலை. அரைகுறை மலையாளத்துல வாசல் வாசலா நின்னு, பொம்மை வேணும், வேகம், வேகம்னேன். பொம்மையக் கொடுத்து விடுவாகன்னு நினைச்சேன். அவுக எங்க கொடுத்தாக? மாப்பிள்ளையப் பாக்கிற ஆசையில ஆளாளுக்கு அவுக பொம்மைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு அவுகளே கெளம்பி வந்துட்டாக. தட்டம் போட்ட உம்மா இடுப்புல தட்டம் போட்ட பொம்மை. சட்டையும் முண்டுமா அம்மச்சி, கையில சட்டையும் முண்டுமா பொம்மை. கொங்கணியம்மா கை மாவைக்கூடக் கழுவலை. சுமட்டுக்காரர் ரெண்டு பேரும் ஆளுக்கொரு கால் பிடிச்சுப் பட்டாளத்துக்காரனக் கொண்டு வந்தாங்க. அந்த ரெண்டு அறை வீட்டுல நிக்க இடம் இல்லை. இது பொன்னு மோளாணு, தங்கமான பொண்ணுன்னு உம்மா மாப்பிள்ளையோட அம்மா கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றாக. அவுகளோ உம்மா மூஞ்சியையும் பொம்மை மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாக்காக. அம்மச்சியோட விசிறி மடிப்பை விரல வச்சு எண்ணிப் பாக்காக. கொங்கணியம்மா பொம்மை மடியில இருந்து ஒரு காகிதப் பப்படத்தை எடுத்து, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, அதே இடத்துல திருப்பி வச்சாக. அந்த வச்ச பதனத்தைப் பாத்ததும் என் பயம் கொஞ்சம் குறைஞ்சுச்சு.

எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டு, முகத்தைக் கடுகடுன்னு வச்சுக்கிட்டே சொன்னாக.

"இதுல என்னையப் போல ஒண்ணும் இல்லையே."

மதினி சொன்னாக, "இப்பத்தான அத்தை உங்களைப் பாக்குறேன்."

அத்தைங்கிற சொல்லு காதுல விழுந்ததும் தரகர் ஆறிப் போன சாயாவ எடுத்து ஒரே மடக்காக் குடிச்சாரு. மாப்பிள்ளையோட அம்மா காதைத் தொட்டுப் பாத்தாக. அப்புறம் பாம்படத்தை எதுல செய்வேன்னு கேட்டாக. பித்தளைக் கம்பியில வருமான்னு பாக்கணும், கொஞ்சம் திரும்புங்கன்னு மதினி கிட்டப் போனாக. அவுக திரும்பிக் காதைக் காட்டினாக. அவ்வளவுதான். பூ வச்சது, தட்டு மாத்தினது எல்லாம் பின்னால நடந்த சடங்கு. என்னைக் கேட்டா, அந்தக் காதைத் திருப்பினப்பவே கல்யாணம் முடிஞ்சு போச்சு.

பொம்மையெல்லாம் மாப்பிள்ளையோட ஆட்டோவுலதான் பள்ளுருத்திக்குப் போச்சு, நாலஞ்சு நடை. பட்டாளத்துக்காரன் மாமனாரோட சட்டைப் பையில தலைய நீட்டிக்கிட்டுப் போனான். அரக்குச் சேலைக்காரிய மட்டும் தச்சு முடிச்சு என் மடியில வச்சுட்டுப் போனாக மதினி. பாம்படம் போட்ட பொம்மைய அந்த அம்மா ஊருக்கெல்லாம் தூக்கிட்டுப் போயி, இது யாருன்னு தெரியுதான்னு சொந்தக்காரங்களக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினாகளாம். பிள்ளை தங்காதுன்னு சொன்னாங்கல்ல, மதினிக்கு ரெண்டு ஆணு, ஒரு பொண்ணு. மூணும் அந்தப் பொம்மைகளப் போட்டு உருட்டி, கடிச்சு, குளிப்பாட்டித்தான் வளந்துச்சுக. உடைஞ்சா மதினி மறுபடியும் ஒட்டுவாக. இப்பவும் அந்த வீட்டுக்குப் போனா செவுத்துல பலகை கூடிக்கிட்டேதான் இருக்கு.

இந்தக் கதைய போன வாரம் பேத்திகிட்டச் சொன்னேன். மறுநாள் காலையில அடுக்களைக்கு வந்து, பள்ளுருத்திப் பாட்டிக்கு இப்பவும் கண்ணு நல்லாத் தெரியுமா, ஊசி கோக்க முடியுமான்னு விசாரிச்சா. கோத்துக் கொடுக்க ஆள் இருந்தா தைப்பாகன்னேன். சரின்னு போனா. கூட்ட வரும்போது பாக்கேன், லீவுக்கு வரும்போது அவ கொண்டு வந்திருந்த ரெக்கை முளைச்சவளோட பெட்டி கத்திரியால வெட்டினபடி கெடக்கு, உள்ள ஆள் இல்லை. அந்த ரெக்கைக்காரி டிவிக்குப் பக்கத்துல என் அரக்குச் சேலைக்காரி மடியில சாஞ்சிருக்கா. சேலைக்காரியோட வயித்துச் சத்தம் என்னைக்கோ நின்னு போச்சு, இப்ப சாச்சாலும் அழுறதில்லை. சாச்சுத்தான் பாத்தேன். ஒரு கண்ணு மூடுச்சு. இன்னொரு கண்ணு, புதுசா வந்தவளப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.